ஒரு போதகரின் மருந்துப் பெட்டி

வேலூர் மருத்துவ வரலாற்றை ஐடா ஸ்கடர் 1900இல் திறந்த சிறு மருந்தகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அதன் வேர் அவருடைய தாத்தா ஜான் ஸ்கடரிடம் இருக்கிறது. நியூயார்க்கில் மருத்துவராயிருந்த அவர் 1819இல் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி, 1820இல் குருப்பட்டம் பெற்றார். 1836இல் சென்னைக்கு வந்து, 1855இல் இறக்கும்வரை பிரசங்கத்தையும் சிகிச்சையையும் ஒரே ஊழியமாகவே செய்தார். அவர் வேலூரில் பணிபுரியவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் 1853இல் வேலூர் வட்டாரத்தில் ஆற்காடு மிஷனை நிறுவியவர்கள் அவருடைய மகன்கள். அவர்களில் மூத்தவரான ஹென்றி மார்ட்டின் ஆற்காட்டில் நடத்திய மருந்தகத்தில் முதலில் வேதவாசிப்பும் ஜெபமும், பிறகே மருந்து. 1866இல் இராணிப்பேட்டையிலும் மிஷன் மருத்துவமனை எழுந்தது.

மருந்து மதமாற்றத்துக்கான தூண்டில்தானே என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வலியோடு வந்தவர் பிரசங்கத்தையும் கேட்க வேண்டியிருந்தது. அது சமமான உறவல்ல. ஆயினும் ஸ்கடர் குடும்பத்தினர் தங்கள் நோக்கத்தை மறைக்கவில்லை. மேலும், ஒரு பணியை அதன் தொடக்க நோக்கத்தால் மட்டும் அளக்க முடியாது. 1918இல் ஐடா பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, சிகிச்சை பெற்றுவந்த சமூகம் சிகிச்சை தரும் இடத்துக்கு உயர்ந்தது. ஞானஸ்நானக் கணக்கைவிட அந்த மாற்றமே ஸ்கடர் குடும்ப ஊழியத்தின் நிலைத்த பயன்.