தாது வருடப் பஞ்சம்: காலநிலையும் மனிதர் பொறுப்பும்

காலநிலை மாற்றம் பற்றிய இன்றைய ஆய்வுகள் பெரும்பாலும் எதிர்காலத்தை நோக்கியே அமைகின்றன. எனினும், வானம் பொய்த்த காலங்களில் மனித சமுதாயங்கள் எவ்வாறு நடந்துகொண்டன என்பதற்கு வரலாறும் சான்று பகர்கின்றது. தமிழ் மக்கள் தாது வருடப் பஞ்சம் என நினைவுகூரும் 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் இவ்வகையில் ஆராயத்தக்கதாகும்.

1876இல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய் மாகாணம், ஐதராபாத் ஆகிய பகுதிகள் வறண்டன. அதே காலப்பகுதியில் வட சீனமும் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியும் கொடிய வறட்சிக்கு உள்ளாயின. கடல்களாற் பிரிக்கப்பட்ட இந்நாடுகளை ஒருசேரத் தாக்கிய காரணம் யாது என்பதை அன்று எவரும் அறிந்திலர். இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பேட் வோக்கர், தொலைதூர நாடுகளின் வளியமுக்கங்களுக்கிடையே தொடர்புண்டு என்பதைப் பின்னர் கண்டறிந்தார். கிழக்குப் பசுபிக் சமுத்திர நீர் வழமைக்கு மாறாக வெப்பமடையும் எல் நினோ நிகழ்வோடு அத்தொடர்பை 1969இல் இணைத்துக் காட்டியவர் ஜேக்கப் பியக்னெஸ் ஆவார். 1877-78இல் நிகழ்ந்தது மிக வலிமை வாய்ந்த ஓர் எல் நினோ என ஆய்வாளர் கருதுகின்றனர்.

ஆயின், வறட்சி வேறு, பஞ்சம் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்த ஒருவரது பணியே போதுமானது. 1873-74இல் பீகாரில் மழை குன்றியபோது, நிவாரணப் பணிகளை நடத்திய ரிச்சட் ரெம்பிள் பர்மாவிலிருந்து பெருந்தொகை அரிசியைத் தருவித்தார். பட்டினிச் சாவுகள் பெரிதும் தவிர்க்கப்பட்டன. அதற்கு அவர் பெற்ற பரிசு, வீண்செலவு செய்தார் என்னும் கண்டனமே. 1877இல் ஆளுநர் நாயகம் லிற்றன் அவரையே சென்னைக்கு அனுப்பினார். தானிய வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்பதே லிற்றனின் கொள்கை. முன்னைய கண்டனத்தை மறவாத ரெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் ஓர் அணாவுமே கூலியாக விதித்தார். உழைக்கும் உடலுக்கு இது போதாதென மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்னிஷ் வாதிட்ட பின்னரே, சில மாதங்கள் கழித்து இவ்விதி தளர்த்தப்பட்டது. இக்காலத்திலும் இந்தியத் தானியம் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயிற்று. புகைவண்டிகள் தானியத்தைக் கொணர்ந்தன. அதனை வாங்கும் பொருளோ ஏழைகளிடம் இருக்கவில்லை. பிரித்தானிய ஆட்சிப் பகுதிகளில் மட்டும் சுமார் 55 இலட்சம் மக்கள் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது.

இப்பஞ்சத்திற்குத் தப்பி இலங்கையின் கோப்பித் தோட்டங்களை நாடியோர் பலர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைநாடு நோக்கி நடந்த அவர்களுள், நோயினாலும் பசியினாலும் வழியிலேயே மடிந்தோர் பலராவர். ஆகவே, எமது மலையக மக்களின் வரலாற்றிலும் அவ்வறட்சி தன் சுவட்டைப் பதித்துள்ளது.

மழையின்மைக்கு ஆட்சியாளரே காரணம் என எவரும் கூறார். மழை பொய்த்திராவிடின் இப்பேரழிவு நேர்ந்திராது என்பதும் உண்மையே. ஆனால், மழையின்மையின் சுமையை எவர் தாங்குவது என்பதனை மனிதரே தீர்மானித்தனர். பஞ்சகாலத்தில் மக்களைக் காத்தல் அரசின் கடமை என்னும் கருத்து, 1880இன் பஞ்ச ஆணைக்குழு அறிக்கையிலும் 1883இன் பஞ்ச விதிக்கோவையிலுமே முறையாக இடம்பெற்றது. இறந்தோர்க்கு அது காலந்தாழ்ந்த ஞானமாகும்.

அன்றைய வறட்சி இயற்கையின் ஏற்றத்தாழ்வு. இன்றைய மாற்றத்திலோ மனிதரின் பங்கு தெளிவானது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளிப்படும் காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்களால், 2011-2020ஆம் ஆண்டுகளில் புவியின் சராசரி வெப்பநிலை 1850-1900ஆம் ஆண்டுகளினதை விட ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. வெப்பம் மிகுந்த வளி கூடுதலான நீராவியைத் தாங்குவதால் நிலம் விரைந்து உலர்கின்றது. பெய்யும் மழையும் கடும் மழையாகின்றது. இவ்வாயுக்களை மிகக் குறைவாக வெளியிட்ட வறிய நாடுகளே பெருந்துன்பத்தை எதிர்நோக்குகின்றன.

ஆதலின், தாது வருடம் எமக்கு உணர்த்துவது ஒன்றே. அன்று காரணம் அறியப்படவில்லை. எனினும் காப்பாற்றும் வழி பீகாரில் முன்னரே காணப்பட்டிருந்தது. இன்று காரணமும் தெரியும், வழியும் தெரியும். செலவைக் கணக்கிட்டு உயிரைக் கைவிட்ட தவறு மீண்டும் நிகழுமாயின், அறியாமையை எவரும் காரணங்காட்ட இயலாது.