ஒரே மாணவர், இரண்டு தீஸிஸ்

மலருக்குக் கட்டுரை கேட்டபோதே, "டெக்னிக்கலா இருக்கணும், ஆனா குடும்பத்தோட வர்றவங்களுக்கும் புரியணும்" என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். நம் கல்லூரியில் எம்.இ. படிக்கும் தம்பி தங்கைகள் சிலர் இரண்டு துறைகளைச் சேர்த்து பிராஜக்ட் செய்யப் புறப்பட்டிருப்பதாகக் கேள்வி. எங்கள் காலத்தில் ஒரு பிளாக்கிலிருந்து அடுத்த பிளாக்குக்குப் போவது கேன்டீன் வழியாக மட்டும்தான்! ஆகவே அவர்களை மனதில் வைத்து, கிளாட் ஷானன் மாணவராக இருந்தபோது எழுதிய இரண்டு ஆய்வேடுகளின் கதையைச் சொல்கிறேன்.

1936-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல், கணிதம் என்று இரண்டு பட்டம் வாங்கியவர் ஷானன். வயது 20. நோட்டீஸ் போர்டில் கண்ட ஓர் அறிவிப்பைப் பிடித்துக்கொண்டு எம்.ஐ.டி.க்குப் போனார். அங்கே வன்னிவார் புஷ் உருவாக்கிய டிஃபரன்ஷியல் அனலைசரை இயக்க ஆள் தேவைப்பட்டது. தண்டும் பற்சக்கரமும் சுழன்று சமன்பாடுகளைத் தீர்க்கும் ராட்சத இயந்திரம் அது. அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் சுமார் 100 ரிலேக்கள்.

அந்நாளில் ரிலே சர்க்யூட் போடுவது பெரும்பாலும் கைப்பழக்கம். படம் வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து, வேலை செய்தால் சரி. இரண்டு கான்டாக்ட் குறைத்திருக்கலாமா என்று கேட்டால் பதில் சொல்ல உறுதியான வழி கிடையாது. ஷானனுக்கு மிச்சிகனில் படித்த தர்க்கம் நினைவுக்கு வந்தது. ஜார்ஜ் பூல் 1854-ல் நூலாக எழுதிய இயற்கணிதம் அதுவரை தத்துவ வகுப்பின் சரக்கு. உண்மை, பொய் என்று இரண்டே மதிப்பு. ரிலேயும் திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும். அவ்வளவுதான் சங்கதி!

1937 கோடையில் நியூயார்க் பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். டெலிபோன் சர்க்யூட்டுகளின் கூடாரமே அது. அதே ஆண்டு ஆகஸ்டில் எம்.எஸ். ஆய்வேடு தயார். (ஒரு வேடிக்கை: அதில் திறந்த சர்க்யூட் 1, மூடியது 0, சீரீஸ் என்றால் கூட்டல். நாம் மனப்பாடம் செய்ததற்கு நேர் எதிர். கணக்கு மட்டும் பிசகவில்லை.)

அதை அவர் எழுதிய விதத்தைத்தான் தம்பிகள் கவனிக்க வேண்டும். முதலில் தர்க்கத்தையும் சர்க்யூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதற்கு எது ஈடு என்று காட்டுகிறார். பிறகு விதிகள். முடிவில் மின்சாரப் பூட்டு, வாக்கு எண்ணும் சர்க்யூட், இரண்டடிமான எண்களைக் கூட்டும் சர்க்யூட் என்று உதாரணங்கள். பூல் பெயரையே கேட்டிராத ரிலே இன்ஜினியர்கூட அதைப் பார்த்து வயரிங் செய்து சரிபார்க்கலாம். அவருடைய வேலை அன்றைக்கே குறைகிறது. 1938-ல் கட்டுரையாக வெளிவந்தது. ஆல்ஃபிரட் நோபிள் பரிசும் கிடைத்தது. நோபல் இல்லை சார், நோபிள். இவர் வேறு ஆள், அமெரிக்க சிவில் இன்ஜினியர். ஜப்பானில் நகாஷிமாவும் ரஷ்யாவில் ஷெஸ்டகோவும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே வழியைத் தனித்தனியே கண்டார்கள். ஆனால் உலகம் படித்தது ஷானனை.

அடுத்தது பி.எச்.டி. கணிதத் துறைக்கு மாறினார். தர்க்கத்துக்குச் செய்ததை மரபியலுக்கும் செய்து பார் என்று தூண்டியவர் புஷ். 1939 கோடையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் பார்பரா பர்க்ஸ் என்ற மரபியலாளரிடம் பாடம் கேட்டு, அந்தத் துறையின் சொற்களையே புதிதாகக் கற்றார். 1940-ல் 'கோட்பாட்டு மரபியலுக்கு ஓர் இயற்கணிதம்' தயாராகி, எம்.எஸ்., பி.எச்.டி. இரண்டு பட்டமும் அந்த ஆண்டே கிடைத்தன.

மூளை அதே மூளை. கணக்கிலும் குறை இல்லை. ஆனால் மரபியல் ஆய்வாளர் ஒருவர் தம் வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இந்தப் புதுக் குறியீட்டை உட்கார்ந்து கற்க வேண்டும். யார் கற்பார்கள்? இதைப் பிறர் கையிலெடுப்பது சந்தேகம் என்று புஷ்ஷே சொன்னார். ரிலே விஷயத்தில் ஷானன் இரண்டு வீட்டிலும் பிள்ளை. மரபியலில் ஒரு கோடை விருந்தாளி என்பது என் அபிப்பிராயம். பெல் ஆய்வகத்துக்குப் போனவர் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த ஆய்வேடு அவருடைய தொகுப்பு நூலில் அச்சானது 1993-ல். அப்போது ஷானன் எழுபதைத் தாண்டியிருந்தார். அதிலிருந்த சில முடிவுகளை மரபியல்காரர்கள் தாங்களாகவே எப்போதோ கண்டுபிடித்து முடித்திருந்தார்கள்.