பருவகாலப் பலகை விளையாட்டுகளும் குழந்தைகளின் எண்ணுருவறிதலும்: சென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகிய மரபு விளையாட்டுகள் குழந்தைகளுக்கு எண்ணறிவைத் தருகின்றன என்பது பரவலான கருத்து. ஆயினும் பொருள்களை எண்ணுதலும் எண்ணுருவை இனங்காணுதலும் வெவ்வேறு திறன்களாகும். இம்மூன்றனுள் எண்ணுருவைக் குழந்தையின் கண்முன் நிறுத்துவது கட்டங்களுக்கு எண்ணிட்ட பரமபதப் படமே என்பதையும், அதன் பயனும் ஆடும் முறையைச் சார்ந்ததே என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எண்ணுரு, பரமபதம், பல்லாங்குழி, தாயம், திண்ணைப் பள்ளி, தொடக்கக் கல்வி

முன்னுரை

மார்கழி வளர்பிறையில் வரும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்போர் பரமபதம் ஆடுவது தமிழகத்து வழக்கம். கோடம்பாக்கம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய சென்னைப் பகுதிகளிலும் இவ்வழக்கம் உண்டு. உறக்கத்தை விலக்கப் பெரியோர் ஆடும் இவ்வாட்டத்தில் சிறாரும் உடன் அமர்வர். அண்மைக் காலத்தில் இவ்விளையாட்டு பிற மரபு விளையாட்டுகளோடு சேர்த்துக் கணிதக் கல்விக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. எந்த விளையாட்டு எத்திறனை வளர்க்கிறது என்று பகுத்துப் பார்த்தால்தான் அப்பரிந்துரை பொருளுடையதாகும்.

எண்ணுரு இல்லாத விளையாட்டுகள்

பல்லாங்குழியில் வரிசைக்கு ஏழாக இரு வரிசைகளில் 14 குழிகள் உள்ளன. குழிக்கு ஐந்து வீதம் இட்டால் 70 முத்துகள். குழிக்கு ஒன்றாக முத்தை இட்டுச் செல்லும் குழந்தை ஒன்றுக்கு ஒன்று பொருத்துதலைக் கைவழியே கற்கிறது. ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது ‘பசு’ எனப்படும். பலமுறை ஆடிய குழந்தை அந்நான்கை எண்ணாமலே பார்த்த அளவில் அறிந்து எடுத்துக்கொள்கிறது.

தாயக்கட்டை இரண்டும் நாற்பக்கம் உடையவை. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமையாகவும் ஏனையவை ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் உடையனவாகவும் இருக்கும். இரண்டையும் கூட்ட 1 முதல் 6 வரை கிடைக்கும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12 என்பது மரபு. 7 முதல் 11 வரையிலான எண்கள் ஒரே வீச்சில் விழுவதில்லை. ஆகவே இவ்வாட்டம் புள்ளிகளைக் கூட்டவும் காயை அத்தனை கட்டங்கள் நகர்த்தவும் பயிற்றுகிறது. எனினும் பலகையிலோ கட்டையிலோ எண்ணுரு எதுவும் இல்லை. இவ்விரு விளையாட்டுகளிலும் தேர்ந்த குழந்தை ‘5’ என்னும் வடிவத்தை அறியாமலே இருக்கக்கூடும்.

எண்ணுரு பயின்ற இடங்கள்

திண்ணைப் பள்ளிகளில் எண்ணுரு தனிப் பாடமாகவே பயிற்றப்பட்டது. மாணாக்கர் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி ஆகியவற்றை ஓதியும் எழுதியும் மனனம் செய்தனர். பொன்னிலக்கம் 1/320 ஆகிய முந்திரி போன்ற பின்னங்களையும் குறியீடுகளோடு கற்பித்தது. வாயால் சொல்லுதலும் கையால் எழுதுதலும் அங்கு இணைந்திருந்தன. எண்ணுருவை அறிவிக்கும் பொறுப்பைப் பள்ளி ஏற்றிருந்தமையால் விளையாட்டிடம் அதனை எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை.

1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். அவருடைய முறையில் எண் கோல்கள் அளவை உணர்த்துகின்றன. உப்புத்தாளில் வெட்டிய எண்ணுருக்களை விரலால் தடவிக் குழந்தை வடிவத்தை அறிகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே பழக்கிய பின்னரே அளவும் வடிவும் பொருத்தப்படுகின்றன. எண்ணத் தெரிந்த குழந்தைக்கு எண்ணுரு தானே விளங்கிவிடும் என்று மேற்கண்ட இரு கல்வி முறைகளும் கருதவில்லை.

எண்ணிட்ட கட்டமும் ஆடும் முறையும்

அச்சில் வரும் பரமபதப் படங்களில் நூறுக்கு மேற்பட்ட கட்டங்கள் கொண்டவை உண்டு. கட்டங்கள் வரிசையாக எண்ணிடப்பட்டிருப்பின், காய் நிற்கும் இடமே ஓர் எண்ணுருவாகிறது. எண் பெருகப் பெருகக் காய் பரமபதத்தை நெருங்குவதால், பெரிய எண் தொலைவில் உள்ளது என்னும் உணர்வும் எழுகிறது.

இத்தகைய அமைப்பின் பயனை அமெரிக்க ஆய்வுகள் சோதித்துள்ளன. கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், வருவாய் குறைந்த குடும்பங்களின் முன்பருவக் குழந்தைகள் 1 முதல் 10 வரை எண்ணிட்ட நேர்கோட்டுப் பலகையில் ஆடினர். எண்ணுருவறிதல் உள்ளிட்ட திறன்கள் அவர்களிடம் மேம்பட்டன. எண்ணுக்கு மாற்றாக வண்ணம் மட்டும் தீட்டிய பலகையில் ஆடியோரிடம் அம்மேம்பாடு காணப்படவில்லை. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு 100 வரை எண்ணிட்ட பலகையைப் பயன்படுத்தியது. 5ஆம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால் “ஒன்று, இரண்டு” என நகர்வதைவிட, கட்டத்து எண்களைப் பார்த்து “ஆறு, ஏழு” எனச் சொல்லி நகர்வதே பயன் தந்தது.

தமிழகத்து வீடுகளில் பொதுவாகக் கேட்பது முதல் முறையே. தாயத்தில் கட்டங்களுக்கு எண் இல்லாமையால் “ஒன்று, இரண்டு” என்று எண்ணுவதே இயல்பு. அப்பழக்கம் பரமபதத்திற்கும் தொடரும்போது, கட்டத்தில் எண் இருந்தும் குழந்தை அதைப் படிப்பதில்லை. மேற்கண்ட ஆய்வுகள் பரமபதத்தை வைத்து நடத்தப்பட்டவை அல்ல. பாம்பும் ஏணியும் எண் வரிசையை அடிக்கடி முறிக்கின்றன என்பதும், நான்கு வயதுக் குழந்தைக்கு நூறு என்பது பெரிய எல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கவை.

முடிவுரை

தமிழக அரசு 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. செயல்வழிக் கற்றலுக்கு இடமளிக்கும் வகுப்பறையில் மரபு விளையாட்டைச் சேர்க்கும்போது மூன்று நெறிகளைப் பின்பற்றலாம். ஒன்று, எண்ணுதலுக்குப் பல்லாங்குழியையும் புள்ளிகளைக் கூட்டுதலுக்குத் தாயத்தையும் எண்ணுருவறிதலுக்குப் பரமபதத்தையும் கொள்ளுதல். இரண்டு, பாம்பும் ஏணியும் அற்ற பத்துக் கட்ட வரிசையில் தொடங்கிப் படிப்படியே பெரிய படத்திற்குச் செல்லுதல். மூன்று, காய் மிதிக்கும் ஒவ்வொரு கட்டத்தின் எண்ணையும் குழந்தை வாய்விட்டுச் சொல்லச் செய்தல். இவற்றுள் மூன்றாவதற்குப் பொருட்செலவே இல்லை. ஏகாதசி இரவில் உடன் அமரும் பெரியோரும் அதனைச் செய்யலாம்.