உயிர்ப்புப் பெருவிழா நாள் கணிப்பின் வரலாறு

உயிர்ப்புப் பெருவிழா என்பது இயேசு கிறிஸ்து சாவிலிருந்து உயிர்த்தெழுந்ததை நினைவுகூரும் விழா ஆகும். இது பாஸ்கா விழா, ஈஸ்டர் என்றும் அழைக்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டின் மையமும் இதுவே. கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25 அன்றும், மரியாவின் பிறப்பு விழா செப்டம்பர் 8 அன்றும் மாறாமல் வருகின்றன. வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8-இல் நிறைவடைவதும் இதனால்தான். ஆனால் உயிர்ப்பு விழா மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் வரக்கூடும். அந்த நாளை எப்படிக் கணிப்பது, யார் முடிவு செய்வது என்ற கேள்விகள் திருச்சபையின் ஒற்றுமையைப் பலமுறை சோதித்துள்ளன.

இந்நாளைச் சார்ந்த காலங்கள்

திருவழிபாட்டு ஆண்டு திருவருகைக் காலத்துடன் தொடங்குகிறது. அதன்பின் கிறிஸ்து பிறப்புக் காலம் வருகிறது. இவ்விரண்டும் டிசம்பர் 25-ஐச் சார்ந்தவை. தவக்காலம், புனித வாரம், பாஸ்கா காலம் ஆகியவை உயிர்ப்பு விழாவைச் சார்ந்தவை.

* திருநீற்றுப் புதன் உயிர்ப்பு விழாவுக்கு 46 நாட்களுக்கு முன் வரும். இடைப்பட்ட ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நோன்பு நாட்கள் 40 ஆகும்.
* உயிர்ப்பு ஞாயிற்றை முதல் நாளாகக் கொண்டால் 40ஆம் நாள் ஆண்டவரின் விண்ணேற்றம் ஆகும். பல நாடுகளில் இது அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடப்படுகிறது.
* 50ஆம் நாள் தூய ஆவியாரின் வருகைப் பெருவிழா ஆகும். இத்துடன் பாஸ்கா காலம் முடிவடைகிறது.

எஞ்சிய 33 அல்லது 34 வாரங்கள் பொதுக்காலம் எனப்படும். இக்காலம் தவக்காலத்தால் இரண்டாகப் பிரிக்கப்படுவதால், அதன் முதற்பகுதி எத்தனை வாரம் நீடிக்கும் என்பதும் உயிர்ப்பு விழாவைப் பொறுத்ததே. எனவே ஒரு நாளின் கணிப்பு தவறினால் ஆண்டின் பெரும்பகுதி இடம் மாறிவிடும்.

தொடக்ககாலக் கருத்து வேறுபாடு

நற்செய்தி நூல்களின்படி இயேசுவின் பாடுகளும் உயிர்ப்பும் யூதரின் பாஸ்கா விழாவை ஒட்டி நிகழ்ந்தன. யூதர் பாஸ்கா ஆட்டுக்குட்டியைப் பலியிடும் நாள் நீசான் மாதத்தின் 14ஆம் நாள். யூத மாதம் பிறையில் தொடங்குவதால் அது முழுநிலவை ஒட்டிய நாளாகும்.

இரண்டாம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் கிறிஸ்தவர்கள், கிழமை எதுவானாலும் நீசான் 14-ஆம் நாளிலேயே பாஸ்காவைக் கொண்டாடினர். உரோமையும் வேறு பல சபைகளும் அதனை அடுத்து வரும் ஞாயிறன்று கொண்டாடின. ஏறத்தாழ கி.பி. 155-இல் சிமிர்னா ஆயர் பொலிக்கார்ப்பு உரோமைக்கு வந்து ஆயர் அனிசேத்துவுடன் இதுபற்றிப் பேசினார். இருவரும் தத்தம் வழக்கத்தை விடவில்லை. ஆயினும் அனிசேத்து தம் சபையில் நற்கருணைக் கொண்டாட்டத்தை நடத்தும் பெருமையைப் பொலிக்கார்ப்புவுக்கு அளித்தார். இருவரும் சமாதானத்துடன் பிரிந்தனர்.

ஏறத்தாழ கி.பி. 190-இல் நிலைமை மாறியது. திருத்தந்தை முதலாம் விக்டர், எபேசு ஆயர் பொலிக்கிராத்தசின் தலைமையில் பழைய வழக்கத்தைக் காத்துநின்ற ஆசியச் சபைகளைத் திருச்சபை உறவிலிருந்து விலக்க முற்பட்டார். லியோன் ஆயர் இரனேயு ஞாயிறு வழக்கத்தையே பின்பற்றியவர். எனினும் நாள் வேறுபாட்டுக்காக உறவை முறிக்கக் கூடாது என்று விக்டருக்கு எழுதினார். முன்னிருந்த அனிசேத்துவின் நடத்தையை அவர் சான்றாகக் காட்டினார். இச்செய்திகளை வரலாற்று ஆசிரியர் யூசேபியு பதிவு செய்துள்ளார்.

நிசேயா பொதுச்சங்கம்

கி.பி. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறன்று விழாவைக் கொண்டாட வேண்டும் என முடிவு செய்தது. யூதரின் நாட்காட்டியைச் சாராமல் திருச்சபை தானே நாளைக் கணிக்க வேண்டும் என்பதும் இம்முடிவில் அடங்கும். இந்த முடிவு சங்கத்தின் சட்ட விதிகளுள் இல்லை. சங்கம் அலெக்சாந்திரியாவுக்கு எழுதிய மடலிலிருந்தும், பேரரசர் கான்ஸ்டன்டைனின் மடலிலிருந்தும் இது தெரியவருகிறது.

வானியலில் சிறந்து விளங்கிய அலெக்சாந்திரியாவின் ஆயர்கள் ஆண்டுதோறும் விழா மடல் எழுதி நாளை அறிவித்து வந்தனர். இன்றும் உரோமைத் திருப்பலி நூலில், அவ்வாண்டின் நகரும் விழாக்களைத் திருக்காட்சிப் பெருவிழாவன்று அறிவிக்கும் சடங்கு உள்ளது.

கணிப்பு முறை

அலெக்சாந்திரியர் 19 ஆண்டுச் சுழற்சியைப் பயன்படுத்தினர். 19 சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ 235 சந்திர மாதங்களுக்குச் சமம் என்பதால், 19 ஆண்டுக்கு ஒருமுறை முழுநிலவு அதே தேதிக்குத் திரும்பும். இளவேனில் சம இரவு நாள் மார்ச் 21 என நிலையாகக் கொள்ளப்பட்டது. அந்நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறே உயிர்ப்பு விழா. முழுநிலவு ஞாயிறன்றே வந்தால் விழா அடுத்த ஞாயிறுக்குச் செல்லும். இங்கு முழுநிலவு என்பது அட்டவணைப்படியான நிலவே. வானில் காண்பதற்கும் இதற்கும் ஓரிரு நாள் வேறுபாடு இருக்கலாம்.

உரோமையில் முன்பு 84 ஆண்டுச் சுழற்சி வழக்கில் இருந்தது. கி.பி. 525-இல் துறவி தியோனிசியு எக்சிகுவுஸ் அலெக்சாந்திரிய முறையை இலத்தீன் உலகுக்கு ஏற்ப அமைத்தார். அந்த அட்டவணையில்தான் அவர் கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணினார். இன்று உலகெங்கும் வழங்கும் ஆண்டுக் கணக்கு இவ்வாறு பாஸ்கா கணிப்பின் துணை விளைவாகத் தோன்றியது.

விட்பி கூட்டம்

இங்கிலாந்தின் நார்தம்பிரியாவில் மன்னர் ஓஸ்வியு பழைய 84 ஆண்டு முறையைக் கடைப்பிடித்த அயர்லாந்துத் துறவியரின் வழக்கத்தைப் பின்பற்றினார். கென்ட் நாட்டில் வளர்ந்த அரசியார் உரோமை வழக்கத்தைப் பின்பற்றினார். இதனால் மன்னர் உயிர்ப்பு விழாவைக் கொண்டாடும்போது அரசியார் இன்னும் நோன்பில் இருந்ததுண்டு என வரலாற்று ஆசிரியர் பீடு குறிப்பிடுகிறார். கி.பி. 664-இல் விட்பி மடத்தில் கூடிய கூட்டத்தில் வில்ஃபிரிட் உரோமை முறைக்காகவும் ஆயர் கோல்மன் அயர்லாந்து முறைக்காகவும் வாதிட்டனர். மன்னர் உரோமை முறையை ஏற்றார். கோல்மன் தம்மவருடன் நாட்டை விட்டு வெளியேறினார்.

கிரகோரியின் சீர்திருத்தம்

ஜூலியன் நாட்காட்டியின் ஆண்டு உண்மையான சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நிமிடம் நீண்டது. ஏறத்தாழ 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிசகு சேர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் சம இரவு நாள் மார்ச் 11-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அட்டவணையோ மார்ச் 21-லேயே நின்றது. இதனால் விழா உரிய காலத்தை விட்டு விலகியது.

மருத்துவர் அலோய்சியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தை இயேசு சபைக் கணித அறிஞர் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. திருத்தந்தை 13ஆம் கிரகோரி 1582-இல் இதனை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி ஆனது. அக்டோபர் 4 இரவில் இறந்த அவிலா புனித தெரேசாவின் விழா அக்டோபர் 15-இல் கொண்டாடப்படுவதற்கு இதுவே காரணம். 400 ஆண்டுகளில் மூன்று லீப் நாட்கள் நீக்கப்பட்டன. சந்திர அட்டவணையும் திருத்தப்பட்டது.

கத்தோலிக்க நாடுகள் இதனை விரைவில் ஏற்றன. பிரித்தானியா 1752-இல்தான் ஏற்றது. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரும்பாலானவை உயிர்ப்பு விழாவுக்கு இன்றும் ஜூலியன் முறையையே கொள்கின்றன. 2024-இல் கத்தோலிக்கர் மார்ச் 31 அன்றும், ஆர்த்தடாக்ஸ் சபையினர் மே 5 அன்றும் கொண்டாடினர்.

பொது நாளுக்கான முயற்சிகள்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் பிற்சேர்க்கையில், மற்றக் கிறிஸ்தவர்களும் இசைந்தால் ஒரு குறிப்பிட்ட ஞாயிறை நிலையாக வைப்பதில் தடையில்லை எனத் தெரிவித்தது. 1997-இல் சிரியாவின் அலெப்போவில் நடந்த கூட்டம், நிசேயா விதியை வைத்துக்கொண்டு சம இரவையும் முழுநிலவையும் எருசலேமின் தீர்க்கரேகைப்படி வானியல் முறையில் கணிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. இவை எதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

நிசேயா சங்கத்தின் 1700ஆம் ஆண்டான 2025-இல் இரு கணிப்புகளும் ஏப்ரல் 20 என்ற ஒரே நாளைத் தந்தன. 2026-இல் அவை மீண்டும் ஏப்ரல் 5, ஏப்ரல் 12 எனப் பிரிகின்றன. ஒரே நாள் வேண்டும் என்ற நிசேயாவின் விருப்பமும், நாள் வேறுபட்டாலும் உறவு முறியக் கூடாது என்ற இரனேயுவின் கருத்தும் இன்றைய உரையாடல்களிலும் தொடர்கின்றன.