தோட்டாவும் நெம்புகோலும்

1857-ஆம் ஆண்டுப் புரட்சியைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க மறுத்த சிப்பாய்களின் கதை நினைவிருக்கும். அந்தத் தோட்டா எதனால் ஆனது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அது வெறும் காகிதச் சுருள்தான். உள்ளே ஓர் ஈயக் குண்டும், ஒரு முறை சுடுவதற்கு வேண்டிய வெடிமருந்தும் இருந்தன. நுனியைக் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டை மேலிருந்து இடித்து இறக்க வேண்டும். சுட்ட பிறகு மிச்சம் என்று ஒன்றும் இராது.

அடுத்த பத்து ஆண்டுகளில் காகிதத்தின் இடத்தை உலோகக் கூடு பிடிக்கத் தொடங்கியது. குண்டு, மருந்து, தீப்பொறி தரும் சிறு மூடி ஆகிய மூன்றையும் ஒரே கூட்டில் அடக்கிவிட்டார்கள். இந்தக் கூட்டுக்குப் பித்தளை மிகவும் ஏற்றது. சுடும்போது வாயுவின் அழுத்தத்தால் பித்தளைச் சுவர் விரிந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். புகை பின்பக்கம் கசியாது. அழுத்தம் நீங்கியதும் சற்றே சுருங்கும். வெளியே எடுப்பது எளிது. குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது. கூடு மட்டும் கையில் நிற்கிறது. தோட்டாவில் விலை மிகுந்த பகுதி அதுதான். அதை எறிந்துவிட யாருக்கு மனம் வரும்? மறுபடியும் நிரப்பும் கலை இப்படித்தான் பிறந்தது.

ஒரு துளையும் இரு துளைகளும்

தீப்பொறி மூடியை 1866-இல் இருவர் இரு விதமாக அமைத்தனர். ஒருவர் இங்கிலாந்தின் எட்வர்ட் பாக்ஸர். மற்றவர் அமெரிக்காவின் ஹைரம் பெர்டன். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை இருக்கும். பெர்டன் முறையில் ஓரமாக இரு சிறு துளைகள் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும், அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் வேரூன்றின.

இந்தச் சிறு வேறுபாடு பெரிய விளைவைத் தந்தது. நடுத்துளை வழியே ஓர் ஊசியைச் செலுத்தினால் எரிந்த மூடி தானாகக் கழன்று விழும். இரு துளைக் கூட்டில் அது எளிதன்று. கடைகள் தொலைவில் இருந்த அமெரிக்கச் சமவெளிகளில் வேட்டைக்காரர்கள் தாங்களே தோட்டா நிரப்பிக்கொள்ளும் வழக்கம் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாக்குவெட்டி போன்ற ஒரு கருவி

சுட்ட கூடு சற்றுப் பருத்திருக்கும். அதன் கழுத்தை இறுக்கினால்தான் புதிய குண்டு உறுதியாக நிற்கும். பழைய மூடியை நீக்கிப் புதியதைப் பொருத்த வேண்டும். குண்டை நேராக அமர்த்த வேண்டும். இவற்றுக்கெல்லாம் விரல் வலு போதாது. ஜான் பார்லோ என்பவர் 1884-இல் கனெக்டிகட் மாநிலத்தில் ‘ஐடியல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிக் கைக்கருவிகளை விற்றார். நம் வீட்டுப் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் கீல், இரண்டு கைகள், நடுவில் அழுத்த வேண்டிய பொருள். அவருடைய கருவியும் அதே வகை நெம்புகோல்தான். சட்டைப் பையிலேயே அடங்கிவிடும்.

ஆனால் பாக்குவெட்டியின் கை நேர்கோட்டில் நகர்வதில்லை. வட்டத்தின் ஒரு வில்லாக நகர்கிறது. பாக்குக்கு அதனால் கேடில்லை. குண்டுக்கு?

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். ரைபிளின் குழலினுள் திருகுவரிகள் உண்டு. அவை 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2,700 அடி வேகத்தில் புறப்படும் குண்டு, நொடிக்கு 3,240 முறை சுழல்கிறது. இத்தனை வேகத்தில் சுழலும் பொருள் மயிரிழை சாய்ந்திருந்தாலும் அதன் எடைமையம் அச்சைவிட்டு விலகிவிடும். குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் அது பக்கவாட்டில் எறியப்படும். ஒருபுறம் கனத்த பம்பரம் தள்ளாடுவது போலத்தான் இதுவும்.

ஒரு மருத்துவரின் ஆராய்ச்சி

குறி தவறுவதற்குக் காற்றையும் கண்ணையும் பழித்துக்கொண்டிருந்த காலத்தில், இதைச் சோதித்தே பார்த்துவிடுவது என்று இறங்கியவர் பிராங்க்ளின் மான். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் அவர். கோழித் தீவனத்துக்கு எலும்பு நறுக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கிப் பொருள் ஈட்டியவரும் கூட. அந்தப் பொருள் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது. மனிதத் தோள் அசையும் என்பதால், அசையாத திண்ணையின் மேல் வெறும் குழலைப் பொருத்திச் சுட்டார். குண்டு போகும் வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தி, அது எங்கெங்கே எப்படிச் சாய்ந்து போகிறது என்று அளந்தார். குண்டின் முனையை வேண்டுமென்றே சிதைத்துச் சுட்டார். அதிகக் கேடு விளையவில்லை. அடிப்பகுதியைச் சிதைத்தார், குண்டு குறியைவிட்டு வெகுவாக விலகியது. சமநிலை கெட்ட குண்டே முதல் குற்றவாளி என்பது அவர் கண்ட முடிவு. 1909-இல் நூலாக வெளிவந்த இந்த ஆராய்ச்சியை இன்றும் அத்துறையினர் மதிக்கிறார்கள்.

அதே காலத்தில் வாழ்ந்த ஹாரி போப் என்னும் குழல் வினைஞர் இந்தத் தொல்லையை வேறு வழியில் தீர்த்தார். ஈயக் குண்டைக் கூட்டில் அமர்த்தவே இல்லை! குழல்வாயின் வழியே அதை நேராகத் தள்ளி இறக்கிவிட்டு, மருந்து மட்டும் நிரம்பிய கூட்டைப் பின்னாலிருந்து செருகினார். நாள் முழுவதும் ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பினால் போதும். ஆனால் செம்பு உறையிட்ட கடினமான குண்டுகளும் புகையில்லா மருந்தும் வந்தபின் இம்முறை வழக்கொழிந்தது. குண்டு மீண்டும் கூட்டுக்கே திரும்பியது. அதை நேராக அமர்த்தும் சிக்கலும் கூடவே திரும்பியது.

மேசைமேல் ஏறிய அழுத்துபொறி

இதற்குள் கைக்கருவி வளர்ந்து மேசையில் திருகிப் பொருத்தும் அழுத்துபொறி ஆகியிருந்தது. இதில் நெம்புகோலை இழுத்தால் ஒரு தண்டு மேலேறி, கூட்டை எஃகு அச்சினுள் செலுத்தும். நம் முழங்கால் போன்ற இணைப்பு இதன் உயிர்நாடி. குந்தியிருப்பவர் எழும்போது, கால் நேராக நேராகச் சுமை இலேசாவதைக் கவனித்திருப்பீர்கள். அதுபோல் இணைப்பு நிமிர நிமிர, கையின் சிறு விசை பன்மடங்காகிறது.

பிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில், தம் தந்தையின் சலவைக் கடையின் ஒரு மூலையில் அச்சுகள் செய்யத் தொடங்கினார். போர்க்காலத்தில் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு. சுட்டு எறியப்பட்ட சிறு தோட்டாக் கூடுகளையே உறையாக்கி அழுத்திக் குண்டு செய்ய அவருடைய அச்சுகள் உதவின. ஆர்.சி.பி.எஸ். என்ற பெயர்பெற்ற நிறுவனம் இப்படித்தான் வளர்ந்தது.

பொறிகளின் சட்டங்கள் இரு வகை. ஆங்கில எழுத்து ‘சி’ போல ஒருபுறம் திறந்தது ஒன்று. கை நுழைக்க வசதியானது, ஆனால் பெருவிசையில் வாய் சற்றே அகலும். ‘ஓ’ போல மூடிய சட்டம் மற்றொன்று. அது வளைந்து கொடுப்பது குறைவு. பல அச்சுகளைச் சுழலும் தலையில் தாங்கும் பொறியும் உண்டு. ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டாவைத் தரும் பொறியும் உண்டு; அதில் வேகம் மிகுதி, ஆனால் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க நேரமில்லை.

முறுக்குக் குழலின் பாடம்

அப்படியானால் மிகத் துல்லியம் வேண்டுபவர் மிகப் பெரிய பொறியைத்தானே வாங்க வேண்டும்? 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவிய ஒரு போட்டி இதற்கு விடை தருகிறது. ரைபிளை மேசைமேல் தாங்கியில் வைத்து, ஒரே இடத்தில் எத்தனை நெருக்கமாகச் சுட முடிகிறது என்பதே அந்தப் போட்டி. அதில் வல்லவர்கள் பலரும் பெரும் பொறியைச் சுமந்து வருவதில்லை. கையடக்கமான எஃகுக் குழலும், அதை அழுத்தச் சிறு பொறி ஒன்றும் கொண்டுவருகிறார்கள். முறுக்குப் பிழியும் குழலைப் பாருங்கள். கை சற்றுக் கோணினாலும் உலக்கை நேராகவே இறங்கும்; குழல்தான் அதை வழிநடத்துகிறது. இங்கும் அப்படியே. கூடும் குண்டும் ஒரே குழலுக்குள் ஒரே அச்சில் நிற்கின்றன. நேர்மையைக் குழல் தருகிறது. பொறி தருவது வெறும் தள்ளுவிசை.

விசை கூடக்கூடத் தீங்கும் உண்டு. அளவுக்கு மேல் நெருக்கி நெருக்கி வேலை வாங்கினால் பித்தளை இறுகி, கழுத்தில் வெடிப்பு காணும். தட்டித் தட்டி இறுகிய பாத்திரத்தைக் கன்னார் தீயில் காட்டி இளக்குவது இதற்காகத்தான்.

எனவே பொறியைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி, ‘எதற்கு வலு அதிகம்?’ என்பதன்று, ‘எந்த வேலைக்கு எவ்வளவு விசை வேண்டும்? நேராக நிற்க வைப்பது எது?’ என்பதாகும். முழுக் கூட்டையும் அதன் பழைய அளவுக்கு நெருக்க, மூடிய சட்டமும் முழங்கால் இணைப்பும் வேண்டும். குண்டை அமர்த்த, இழைத்த குழல் ஒன்றே போதும்.

ஒன்றை மறக்கலாகாது. இது விளையாட்டுப் பொருளன்று. மருந்தின் அளவு பிழைத்தால் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றமாகும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதிலுள்ள அறிவியலை. கடிகாரம் பழுதுபார்ப்பவருக்கும், கடைசல் பட்டறைத் தொழிலாளிக்கும், ஆய்வுக்கூட மாணவருக்கும் அந்தப் பாடம் பொருந்தும். பிழை எங்கே பிறக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். கருவியைப் பிறகு தேடுங்கள்.