எடை அட்டையில் ஒரு கோடு

போன வாரம் பேத்திக்கு மூன்றாவது தவணைத் தடுப்பூசி. மருமகளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வரிசை நீளம். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் கையிலிருந்த தாய் சேய் நல அட்டையை வாங்கிப் புரட்டினேன். பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்புப் பக்கம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மூன்று பட்டைகள். பச்சைக்குள் மூன்று புள்ளிகள். "என்ன மாமா, அதையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த அட்டைக்கு மூலம் நைஜீரியாவில் இருக்கிறது. டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1950-களின் பிற்பாதியில் அந்நாட்டின் இலேஷா நகரத்து மருத்துவமனையில் வேலை பார்த்தார். பக்கத்தில் இமேசி என்ற கிராமம். அங்கே பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து எடை போட்டு வந்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் 'ஆரோக்கியத்துக்கான பாதை' என்ற அட்டை. மேலே ஒரு வளைகோடு, கீழே ஒரு வளைகோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பாதை. குழந்தையின் கோடு அதில் ஏறிக்கொண்டே போக வேண்டும்.

மார்லி செய்த இரண்டு சின்ன விஷயங்களை நான் பெரிதாக நினைக்கிறேன். முதல் கட்டத்தில் குழந்தை பிறந்த மாதத்தை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வயதைக் கணக்குப் போடவே வேண்டாம். மாதத்தின் பெயரைப் பார்த்துப் புள்ளி வைத்தால் போதும். இன்னொன்று, அட்டையை ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்தது. அலுவலகத்தில் கோப்பு தொலைவதை முப்பது வருடம் பார்த்தவன் நான். அம்மாக்கள் அவ்வளவு எளிதில் தொலைப்பதில்லை.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி, 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அங்கன்வாடிக்கு எடை அட்டையும் வந்தது. வயதுக்குரிய எடையில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இயல்பு. அதற்குக் கீழே பத்துப் பத்தாக இறங்கி நான்கு நிலைகள். 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோதுதான் ஒரு மாறுதல். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். மிகவும் மெலிந்த குழந்தைகளோடு, எடை ஏறாமல் நிற்கிற குழந்தைகளையும் கணக்கில் எடுத்து, 90 நாள் சத்துணவு கொடுப்பார்கள். அதாவது புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதோடு கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பார்த்தார்கள்.

இது கேட்க எளிது. ஊரில் விளக்குவது கஷ்டம். பத்து மாதக் குழந்தை 8 கிலோ. பார்க்கக் கொழுகொழு. ஆனால் எட்டாம் மாதத்தில் அதே குழந்தை 8.2 கிலோ. கோடு கீழே திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டுக் குழந்தை 6.8 கிலோதான், முதல் நிலை. ஆனால் மாதம் 200 கிராம் ஏறுகிறது. முதல் குழந்தைக்கு உருண்டை கொடுத்து, இரண்டாவதற்குக் கொடுக்காவிட்டால் அந்தத் தாய் சண்டைக்கு வராமல் என்ன செய்வாள்?

நான் எண்பதுகளில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் இளநிலை உதவியாளர். எந்த மாவட்டம், எந்தத் துறை என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்குக் கிராஃப் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டங்கள் வரைவது என் வேலை. எந்த ஊரில் எத்தனை குழந்தைகள் எடை போடப்பட்டார்கள், எத்தனை பேர் இயல்பு என்று ஊருக்கு ஒரு கட்டம். கையெழுத்து அழகாக இருந்ததால் மாட்டிக்கொண்டேன். ஒரு ஊரின் கட்டம் எப்போதும் உயரமாக இருக்கும். அதன் அட்டைகளை வரவழைத்துப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் அடுக்கி வைத்த மாதிரி ஒரே சாய்வில் ஏறின. நல்ல வேலை என்று குறிப்பெழுதி, மற்றவர்களுக்குக் காட்ட இரண்டு அட்டைகளை எடுத்தும் வைத்தேன். ஒரு குழந்தைக்குக்கூடக் காய்ச்சலோ பேதியோ வரவில்லையா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு மேலதிகாரியுடன் அந்த ஊருக்குப் போனோம். பணியாளர் அம்மா அழுதுவிட்டார். "தராசு கம்பி அறுந்து நாலு மாசம் ஆச்சு சார். எழுதிக் கேட்டேன், வரலை. எடை போடலைன்னா விளக்கம் கேக்கறீங்க. நான் என்ன செய்ய?"

பக்கத்து ஊர்த் தராசை வாங்கி வந்து தொங்கவிட்டோம். பதினேழு மாதப் பையன் ஒருவன், அட்டையில் 9.2 கிலோ, தராசில் 7.4. கை குச்சி போல இருந்தது. அவன் அம்மா அட்டையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாளே அவனைச் சத்துணவில் சேர்த்தார்கள். அந்தப் பணியாளர் பொய்யான நான்கு புள்ளிகளையும் அழிக்காமல் வட்டமிட்டு, அங்கிருந்து உண்மையான புள்ளிக்குக் கோடு இழுத்தார். செங்குத்தாக இறங்கியது.

அலுவலகம் திரும்பியதும் தேடினேன். தராசு கேட்டு அவர் எழுதிய கடிதம் எங்கள் பிரிவுக் கோப்பில்தான் இருந்தது. வரவுப் பதிவில் என் சுருக்கொப்பம்.

அடுத்த கூட்டத்தில் அந்த ஊரின் கட்டம் பாதியாகக் குட்டையாகிவிட்டது. ஏன் இந்தச் சரிவு என்று கேட்டார்கள். தராசு வந்துவிட்டது என்றேன். சிலர் சிரித்தார்கள். கடிதத்தைப் பற்றி நான் அங்கே வாய் திறக்கவில்லை.

2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து உருவாக்கியவை. அந்த ஆறில் இந்தியாவும் ஒன்று. நம் அங்கன்வாடிகளும் அதற்கு மாறின. பையனுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பக்கம் அப்படித்தான் வந்தது. இப்போது எடையைச் செல்போனில் ஏற்றுகிறார்கள். நிலையை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது.

மருமகளிடம் இதில் பாதிதான் சொல்லியிருப்பேன், எங்கள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். பேத்தி 5.8 கிலோ. எடை போடுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தேன். நர்ஸம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.