கருங்கல் கோட்டையும் நம் ஊர் ஆறும்



பரிசளிப்பு விழா மலர் என்றால் ஊர்ப் பெருமையைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தே ஆகவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். மலாக்காக்காரர் எழுதினால் போர்த்துக்கீசியர் கோட்டையைக் காட்டுவார். கெடாக்காரர் பூஜாங் பள்ளத்தாக்கைக் காட்டி, "இதுதாங்க கடாரம்" என்று மார்தட்டுவார். பண்டார் தெங்காராவில் இருந்துகொண்டு நாம் எதைக் காட்டுவது? "நம்ம ஊர்ல என்னாங்க இருக்கு? எங்க பாத்தாலும் செம்பனைதானே!" என்று நம் பிள்ளைகளே சலித்துக்கொள்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. தெங்காரா என்ற மலாய்ச் சொல்லுக்குத் தென்கிழக்கு என்று பொருள். ஜொகூரின் தென்கிழக்குக் காடுகளைத் திருத்தி மக்களைக் குடியேற்ற 1972ஆம் ஆண்டு கெஜோரா என்னும் மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டது. அது உருவாக்கிய புது நகரங்களில் ஒன்றுதான் நம் ஊர். அரசன் கட்டிய ஊரல்ல, வணிகன் கண்ட துறைமுகமல்ல. வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டை வெட்டி எழுப்பிய ஊர். நம் தாத்தா பாட்டிமார்களில் பலர் இந்த ஊரைவிட வயதில் மூத்தவர்கள்!

ஊருக்குத்தான் வயது குறைவு. ஆற்றுக்கு அப்படியில்லை. சாயோங், லிங்கியூ என்ற இரண்டு ஆறுகள் நம் வட்டாரத்து நீரை எல்லாம் வாரிக்கொண்டுபோய் ஜொகூர் ஆற்றில் சேர்க்கின்றன. அந்த ஜொகூர் ஆறு கோத்தா திங்கி வழியாகக் கடலுக்குப் போகிறது. இந்த லிங்கியூ என்ற பெயரோடுதான் சோழர் கதை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்தேன்.

1612ஆம் ஆண்டில், ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக, அதாவது முதலமைச்சராக இருந்த துன் ஸ்ரீ லானாங் 'செஜாரா மெலாயு' என்ற வரலாற்று ஏட்டைத் தொகுக்கத் தொடங்கினார். அதில் கெலிங் தேசத்திலிருந்து, அதாவது நம் தமிழகத்துப் பக்கமிருந்து, பெரும்படையோடு புறப்பட்டு வரும் ஓர் அரசன் இருக்கிறான். ராஜா சூரான், ராஜா சூலான் என்று ஏட்டுக்கு ஏடு பெயர் மாறும். 'சோழன்' என்ற சொல்தான் இப்படித் திரிந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவன் முதலில் பேராக்கில் கங்கா நெகாராவை வென்றான். பிறகு தெற்கே வந்து, ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் கெலாங்கி என்ற நகரை முற்றுகையிட்டான். அந்நகரின் கோட்டை கருங்கல்லால் ஆனது. கெலாங்கி என்றால் சயாம் மொழியில் மணிகளின் கருவூலம் என்று ஏடே பொருள் சொல்கிறது. கோட்டை விழுந்தது, அரசன் மாண்டான். இளவரசியை வென்றவன் மணந்துகொண்டான்.

கதை அதோடு நிற்கவில்லை. சீனாவையும் பிடிக்க வேண்டுமென்று படை துமாசிக் வரை, அதாவது இன்றைய சிங்கப்பூர் வரை வந்துவிட்டது. சீனப் பேரரசர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும், காய்த்துக் குலுங்கும் மரங்களையும், பல்லெல்லாம் கொட்டிப்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்பினார். "சீனா எவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்களுக்குக் கிழவர்கள் சொன்னார்கள்: புறப்படும்போது நாங்கள் சிறுவர்கள், இந்த மரங்கள் அப்போது விதைகள், இந்த ஊசிகள் கை பருமன் இரும்புக் கம்பிகள்! கேட்ட அரசன் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைகளே, இந்தப் பகுதியை நாடகமாகப் போட்டால் நன்றாக இருக்கும்.

கெலாங்கி எங்கே இருந்தது? அந்தப் பெயரின் மிச்சம்தான் லிங்கியூ என்று அறிஞர் சிலர் முன்பே கருதினார்கள். 2005 பிப்ரவரியில் இந்தப் பேச்சு நாடு முழுவதும் பரவிற்று. ரைமி சே ரோஸ் என்ற ஆய்வாளர், பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்து, மறைந்துபோன கோத்தா கெலாங்கி லிங்கியூ வட்டாரத்துக் காட்டுக்குள் இருக்கக்கூடும் என்று கூறினார். செய்தி நாளேட்டின் முதல் பக்கத்தில் வந்தது. நம்மவர்களுக்குக் கேட்கவேண்டுமா? "ராஜேந்திர சோழன் நம்ம ஊருக்கு வந்திருக்கான்!" என்ற பெருமை யாருக்குத்தான் இனிக்காது?

அரசாங்கம் ஆய்வுக் குழுவைக் காட்டுக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு, 2006 ஏப்ரலில் முடிவு வெளியாயிற்று. கோட்டைக்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாவது செய்தியைப் படித்தார்கள் என்பது சந்தேகம்தான். பெருமை காட்டுத்தீ போலப் பரவும். திருத்தம் மாட்டு வண்டியில் வரும்.

நான் சோழர் பெருமைக்கு எதிரி அல்ல. ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்தின் மீது கடற்படையை அனுப்பியது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, வென்ற ஊர்களை ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், கடாரம் என்று வரிசையாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் கெலாங்கி என்ற பெயர் இல்லை. படையெடுப்புக்கும் துன் ஸ்ரீ லானாங்கின் ஏட்டுக்கும் இடையே 587 ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கொள்ளுப்பாட்டி சொன்ன கதையே நம்மிடம் வந்து சேரும்போது கை, கால் முளைத்துவிடுகிறது. 587 ஆண்டில் என்னென்ன முளைத்திருக்கும்! கோட்டை அணைத் தண்ணீருக்கு அடியில் போயிருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். போயிருக்கலாம். ஆனால் அது ஆசை, சான்று ஆகாது. வகுப்பில் ஒரு பிள்ளை "சோழன் கோட்டை எங்க ஊர்ல இருக்கு" என்று எழுதினால், நான் மதிப்பெண் போடமாட்டேன். "இருந்ததாக ஒரு பழைய ஏடு சொல்கிறது" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

அப்படியானால் கை வெறும் கையா? இல்லவே இல்லை. ஏடு தொகுக்கப்பட்ட காலத்தில் ஜொகூர் அரசின் தலைநகர் நம் ஆற்றின் கீழ்ப்பகுதியில், கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் இருந்தது. சிங்கப்பூர், மலாக்கா கதைகளை எல்லாம் சொல்லும் அந்த ஏடு, நாம் கால் நனைக்கும் இதே தண்ணீரின் கரையில் வாழ்ந்தவர்களின் கைவேலை. அதற்கும் முன்பு, 1530களில் போர்த்துக்கீசியர் ஆற்றுவாயிலிருந்து தாக்கியபோது, ஜொகூர் சுல்தான் மேலே சாயோங் பக்கம்தான் பின்வாங்கினார். பெரிய கப்பல் ஏறிவர முடியாத இடம். கீழே ஆபத்து என்றால் மேலே வா என்று அரசனையே அழைத்த ஆறு இது.

இன்றைக்கும் கீழே இருப்பவர்கள் மேலே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை நீர் எடுக்கலாம். 2061 வரை அந்த உரிமை உண்டு. வறட்சியில் ஆறு மெலிந்தால் கடலின் உப்புநீர் உள்ளே ஏறிவிடும். அதைத் தள்ளி நிறுத்த மேலிருந்து நல்ல தண்ணீர் வரவேண்டும். அதற்காகவே 1990 நவம்பர் 24ஆம் நாள் இன்னோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, நமக்கு வடக்கே லிங்கியூ அணை எழுந்தது. நீர்ப்பிடிப்புக்காக ஜொகூர் 21,600 ஹெக்டர் நிலத்தை ஒதுக்கியது. 2016 அக்டோபரில் அணை நீர் 20 விழுக்காட்டுக்கு இறங்கியபோது சிங்கப்பூரில் அதுவே கவலைப் பேச்சாயிற்று. அங்கே பதினெட்டாவது மாடியில் ஒருவர் குழாயைத் திறக்கிறார். அவருக்கு நம் ஊர்ப் பெயர் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

இனி, சலிப்போடு சொல்கிறோமே, அந்தச் செம்பனை. அதிலும் வரலாறு இருக்கிறது, அதுவும் நம் வீட்டு வரலாறு. பெரட்டுக்கு விடியுமுன் போனவர்கள், குலை வெட்டியவர்கள், உதிரிப் பழம் பொறுக்கியவர்கள் எல்லாம் நம் ஆட்கள். இப்போது அந்த வேலையை வெளிநாட்டுத் தொழிலாளர்களே பெரும்பாலும் செய்வதால், நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி தெரியாமலே போய்விட்டது. 1981க்கு முன்பு பல தோட்டங்களில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்த்தது மனிதக் கை. மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற மாவில் கலந்து, குப்பியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் பீய்ச்சுவார்கள். பெரும்பாலும் பெண்கள் வேலை. முள் கையைக் கிழிக்கும், பாம்பு பயம் வேறு. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் இந்த வேலையை அரிசிப் பூச்சி அளவுள்ள ஒரு வண்டு சும்மாவே செய்கிறது என்று கண்டுபிடித்து, அதை இங்கே கொண்டுவந்தார்கள். 1981 பிப்ரவரியில் முதன்முதலாக அதைப் பறக்கவிட்டது நமக்குப் பக்கத்துக் குளுவாங் வட்டாரத் தோட்டம் ஒன்றில்தான்! சில ஆண்டுகளில் குப்பிக்கு வேலை இல்லாமற்போயிற்று. வண்டைப் பற்றி ஆராய்ச்சி நூல்கள் உண்டு. அதற்குமுன் அந்த வேலையைச் செய்த பெண்களின் பெயர்களை எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை.

கருங்கல் கோட்டையைத் தேடக் காட்டுக்குள் குழு போயிற்று. இந்தப் பெண்களைத் தேட அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. உங்கள் வீட்டு அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்களே, வரும் விடுமுறையில் பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மரம், என்ன சம்பளம் என்று கேளுங்கள். அவர் "தெரியலப்பா" என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். யார் வீட்டிலாவது அந்தப் பழைய மாவுக் குப்பி இன்னும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். பரிசுக் கோப்பைகள் இருக்கும் கண்ணாடி அலமாரியில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்கலாம்.